போர்வை தைக்க மெஷின் வாங்கப் போகிறீர்களா? மூன்றடுக்குத் துண்டோடு போங்கள்

அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுத்துணிப் போர்வை தைக்கத் தொடங்கியபோது எங்கள் மதுரை வீட்டில் இருந்தது ஒரு கறுப்புக் கால் மெஷின். சதுரங்களை இணைக்கும்வரை அது தங்கமாக ஓடியது. நேர்த்தையலில் அதை மிஞ்சும் மெஷினை நான் இன்னும் பார்க்கவில்லை. மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் சேர்த்து க்வில்ட் தையல் போட உட்கார்ந்தபோதுதான் சிக்கல் வந்தது. துணியை நகர்த்தும் கீழ்ப்பற்கள் அடித்துணியை இழுத்துப் போக, மேல்துணி ஃபுட்டுக்கு (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்துக்கு) முன்னால் அலை அலையாகக் குவிந்தது. சுருட்டிய போர்வையோ ஊசிக்கு வலப்பக்கம் அடைத்துக்கொண்டு நகரவே இல்லை.

அடுத்து வாங்கிய மின்சார மெஷினில் நூற்றுக்கும் மேற்பட்ட தையல் வகைகள் இருந்தன. கடையில் மெல்லிய பாப்ளினில் பூவும் இலையுமாகத் தைத்துக் காட்டினார்கள், மயங்கிவிட்டேன். வீட்டில் நான்கு தையல்கள் சந்திக்கும் மேட்டில் ஏற முடியாமல் மோட்டார் உறுமிக்கொண்டு நின்றது. போர்வைக்கு வேண்டியது நல்ல நேர்த்தையல். கூடவே ஒரு ஜிக்ஜாக் இருந்தால் போதும். தையல் வகைகளை எண்ணி மெஷின் வாங்காதீர்கள்.

மூன்றாவது மெஷின் வாங்கப் போனபோது பையில் இரண்டு பொருள்கள் எடுத்துப் போனேன். ஒன்று, ஓரடிச் சதுரத்தில் நானே செய்த மூன்றடுக்குத் துண்டு. அதன் மேல்துணி நான்கு சதுரங்களை இணைத்தது. நடுவில் தையல்கள் கூடும் தடித்த மேடு இருந்தது. இரண்டாவது, வீட்டுப் போர்வை ஒன்று.

முதலில் போர்வையைச் சுருட்டி மெஷினுக்குள் நுழைத்துப் பாருங்கள். 60 அங்குல அகலப் போர்வையின் நடுவில் தைக்கும்போது 30 அங்குலம் வலப்பக்கம் சுருண்டு கிடக்கும். ஊசியிலிருந்து வலப்பக்கத் தூண் வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். சாதாரண வீட்டு மெஷின்களில் ஆறு, ஏழு அங்குலம் இருக்கும். குழந்தைப் போர்வைக்கும் மேசை விரிப்புக்கும் அது போதும். இரட்டைக் கட்டிலுக்குத் தைப்பவர்கள் எட்டரை, ஒன்பது அங்குலத்துக்குக் குறையாமல் தேடுங்கள். அகலத்தோடு உயரத்தையும் பார்க்க வேண்டும். மெஷினின் மேலே குறுக்காக நீளும் கை தாழ்வாக இருந்தால் எத்தனை அங்குல அகலம் இருந்தும் சுருள் உள்ளே போகாது.

பிறகு துண்டை ஊசிக்கடியில் வையுங்கள். 14ஆம் எண் ஊசி போட்டுத் தரச் சொல்லுங்கள். மிதியை மெல்ல அழுத்தி, ஒவ்வொரு தையலாக விழும்படி ஓட்டுங்கள். நடு மேட்டுக்கு வந்ததும் நிறுத்தி, அங்கிருந்தே மறுபடியும் தொடங்குங்கள். நல்ல மெஷின் வேகம் எடுக்காமலே ஏறும். திணறும் மெஷின் அந்த இடத்தில் தையலைப் பொடிப்பொடியாகக் குவித்துவிடும். எனக்கு முடிவைச் சொன்னது இந்தச் சோதனைதான். கடைக்காரர் பேசிய எதுவும் அல்ல. அப்புறம் குறுக்கே இன்னொரு கோடு தைத்து, துண்டைத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். கோடுகள் வெட்டும் இடத்தில் மடிப்பு விழுந்திருக்கிறதா? அடிநூல் கம்பி போல நேராகக் கிடந்து, மேல்நூல் கண்ணி கண்ணியாகத் தெரிகிறதா? நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷனைத் திருகியும் சரியாகவில்லை என்றால் அந்த மெஷின் வேண்டாம்.

மேல்துணியையும் கூடவே நகர்த்துவதற்கு வாக்கிங் ஃபுட் என்று ஒன்று உண்டு. பெரிதாக, பக்கவாட்டில் ஒரு கரத்தோடு இருக்கும். அந்தக் கரம் ஊசியைப் பிடிக்கும் திருகின்மேல் உட்கார வேண்டும். உங்கள் மெஷினுக்குப் பொருந்துவது கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். அதற்கான பணத்தையும் தனியாக ஒதுக்கி வையுங்கள். துணியைக் கையால் நகர்த்திக் கொடியும் சுழியுமாகத் தைக்க விரும்புகிறவர்கள், பற்களைக் கீழே இறக்கும் வசதி உள்ளதா என்று பார்க்க வேண்டும். நிறுத்தும்போது ஊசி துணிக்குள்ளேயே நிற்கும் வசதி இருந்தால் பெரிய உதவி. இரு கையும் போர்வையைப் பிடித்திருக்கும்போது சக்கரத்தைத் திருப்ப மூன்றாவது கைக்கு எங்கே போவது?

துணி ஓரத்திலிருந்து சரியாகக் கால் அங்குலத்தில் தையல் விழ உதவும் கால் அங்குல ஃபுட் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். தையல் ஒரு மில்லிமீட்டர் விலகினால் சதுரத்தின் இரு பக்கமும் சேர்த்து 2 மி.மீ. குறையும், பத்துச் சதுரம் இணைத்ததும் வரிசை கிட்டத்தட்ட 2 செ.மீ. குட்டையாகி, அடுத்த வரிசையோடு சேராது.

திருப்பூர்ப் பக்கம் ஆடை ஆலைகளில் ஓடும் பவர் மெஷினை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வலு உண்டு, இடமும் தாராளம். ஆனால் அது நேர்த்தையல் மட்டுமே போடும், மேசையோடு அறையில் பாதியை அடைக்கும், ஊசியும் வேறு வகை. தினமும் விற்பனைக்குத் தைப்பவர்களுக்குச் சரி. மாதம் ஒரு போர்வை தைப்பவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் மெஷினிலும் கவனம் வேண்டும். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்காமல் பிளக்கைச் சொருகாதீர்கள்.

மெஷின் வந்ததும் அதைச் சாப்பாட்டு மேசைமேல் அப்படியே வைத்துத் தைக்காதீர்கள். விளிம்பில் தொங்கும் போர்வையின் பாரம் துணியை இழுக்கும், ஊசி வளைந்து தகட்டில் மோதி உடையும். நான் தச்சரிடம் பழைய மேசையில் மெஷின் அளவுக்குப் பள்ளம் வெட்டச் சொல்லி, மெஷினின் தளமும் மேசையும் ஒரே மட்டமாக இருக்கும்படி இறக்கி வைத்தேன். இடப்பக்கம் இன்னொரு சிறு மேசை போட்டேன். தோள்வலி அன்றோடு குறைந்தது.

பணம் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒன்று. பழுது பார்ப்பவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா, அடிநூல் சுற்றும் பாபினும் அதை வைக்கும் பாபின் கேஸும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தைத்துப் பார்த்த துண்டைக் கடையில் விட்டுவிடாதீர்கள். ஓரத்தில் மெஷினின் பெயரைப் பேனாவால் எழுதி வீட்டுக்குக் கொண்டுவந்து, துவைத்துக் காயவைத்து, அடுத்த கடையில் தைத்த துண்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.