மசாஜ் தொழிலுக்குச் சாமான் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக மசாஜ் தொழிலில் இறங்குபவர்கள் மேசை வாங்கப் போனால் முதலில் மெத்தையை அமுக்கிப் பார்க்கிறார்கள், அப்புறம் நிறத்தைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது உயரம். மேசையில் படுப்பவர் ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். நாள் முழுக்க அதன் பக்கத்தில் நிற்கப் போவது நீங்கள்தான். மேசை உயரமாக இருந்தால் உடல் எடையைச் சாய்த்து அழுத்த முடியாது, பாரமெல்லாம் தோளிலும் கட்டைவிரலிலும் விழும். தாழ்வாக இருந்தால் இடுப்பு வலி நிச்சயம். நேராக நின்று கைகளைத் தொங்கவிடுங்கள். மடக்கிய விரல்களின் முட்டி மேசையைத் தொட்டால் தொடக்கத்துக்கு அது சரியான உயரம். ஆழமாக அழுத்துபவர்களுக்கு இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும், பருமனானவர் படுத்தாலும் அப்படித்தான். ஆகவே உயரத்தை மாற்ற முடியாத மேசை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அகலம் 70 முதல் 76 செ.மீ. இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். அதற்கு மேல் போனால் நீங்கள் எட்டி எட்டி வேலை செய்ய வேண்டிவரும்.

தாங்கும் எடையில் ஏமாறுகிறவர்கள் நிறைய. சில விளம்பரங்களில் பெரிதாகப் போட்டிருப்பது, அசையாமல் மெதுவாக ஏற்றிய பாரத்தின் கணக்கு. உங்களுக்கு வேண்டியது வேலை செய்யும்போது தாங்கும் எடை. படுப்பவரின் எடையோடு உங்கள் அழுத்தமும் அதில் சேரும். இரண்டில் எது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எண்ணெயை மொத்தமாக வாங்கினால் லாபம் என்று தோன்றும். ஆனால் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் தாவர எண்ணெய்கள் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். அந்த வாடை விரிப்பில் ஏறினால் லேசில் போகாது. சின்ன பாட்டிலாக, பம்ப் மூடி உள்ளதாக வாங்குங்கள். வாயகன்ற ஜாடியில் கையை விட்டு எடுத்தால் ஒருவர் தோலில் இருப்பது அடுத்தவருக்கும் போகும். பாதாம் எண்ணெய் மட்டுமே வைத்திருக்காதீர்கள், கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வேறொன்று கைவசம் இருக்கட்டும்.

எண்ணெய் ஊறிய டவல் தீப்பிடிக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சரியாக எண்ணெய் போகாத துணியை டிரையரிலிருந்து சூடாக எடுத்துக் குவித்து வைத்தால், உள்ளே தானாகவே சூடு ஏறித் தீப்பற்றலாம். துவைத்தும் வாடை போகாத டவலைத் தயங்காமல் கழித்துவிடுங்கள். மற்றவற்றை நன்றாக ஆறவிட்டு மடியுங்கள். இதற்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு முதலிலேயே கூடுதல் டவல்கள் வாங்கிவிடுவது நல்லது.

மேசையைத் துடைக்க ஆல்கஹால் கலந்த திரவம் வாங்குமுன் தயாரிப்பாளரின் குறிப்பைப் பாருங்கள். ரெக்சின் போன்ற மேலுறைகள் அதனால் வறண்டு வெடிக்கும், வெடிப்புக்குள் போன அழுக்கைச் சுத்தம் செய்யவே முடியாது.

சூடாக்கிய கற்களை உடம்பில் வைத்துச் செய்யும் சூட்டுக்கல் சிகிச்சைக்குச் சமையல் பாத்திரத்தில் கல்லைக் காய்ச்சுவது பெரிய தவறு. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹீட்டரும் தெர்மாமீட்டரும் வேண்டும். அவை வாங்கும்வரை அந்தச் சிகிச்சையைத் தொடங்காதீர்கள்.