மாதக் கடைசி நாள் கணக்கு மட்டும் வரவில்லையா?

பெங்களூரு அல்சூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு பில்லிங் ஆப் செய்து கொடுத்திருந்தேன். ஏப்ரல் முதல் வாரம் கூப்பிட்டார்: “தம்பி, மார்ச் 31 வியாபாரம் முழுசா காணோமே!” டேட்டாபேஸைத் திறந்தால் அன்றைய பில் அத்தனையும் பத்திரமாக இருக்கிறது. கோளாறு, டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் குவரியில்தான்.

‘இதிலிருந்து இதுவரை’ என்று கேட்க உதவும் பிட்வீன் (BETWEEN) போட்டு 2025-03-01 முதல் 2025-03-31 வரை கேட்டிருந்தேன். பில் தேதி இருக்கும் ஃபீல்டோ தேதியோடு நேரத்தையும் சேமிக்கும் டேட்டைம் வகை. தேதி மட்டும் கொடுத்தால் அந்த நாளின் 00:00:00 என்றே எடுத்துக்கொள்ளும். 31 பிறந்த நொடியோடு தேடல் நின்றுவிடும். காலை 10 மணிக்குப் போட்ட முதல் பில்லே வெளியே.

கடைசித் தேதியோடு 23:59:59 என்று ஒட்டவைக்காதீர்கள். மில்லிசெகண்ட் சேமிக்கும் டேபிளில் கடைசி நொடியின் பில் நழுவும். >= 2025-03-01, < 2025-04-01 என்று எழுதுங்கள். மாதத்துக்கு 30 நாளா 31 நாளா என்ற கவலையே இல்லை. ஃபீல்டை, நேரத்தை நீக்கித் தேதியை மட்டும் தரும் டேட் ஃபங்ஷனுக்குள் போட்டாலும் விடை வரும். ஆனால் தேடலை வேகமாக்கும் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாமல் போய், டேபிள் பெருத்ததும் ரிப்போர்ட் திணறும்.

நேரத்தை, உலகப் பொது நேரமான யுடிசியில் (UTC) சேமிக்கிறீர்களா? நம் நள்ளிரவு 12 மணி அங்கே முந்தைய நாள் 18:30. ஆகவே நம் மார்ச், பிப்ரவரி 28 அன்று 18:30-க்குத் தொடங்கி மார்ச் 31 அன்று 18:30-க்கு முன் முடியும். அந்த எல்லைகளையே குவரிக்குக் கொடுங்கள்.

திருத்தியதும் 31ஆம் தேதி இரவு 11:59-க்கு ஒரு பில், அடுத்த நிமிடம் 12:00-க்கு ஒரு பில் போட்டுப் பாருங்கள். முதலாவது வரவேண்டும், இரண்டாவது வரக்கூடாது.