நாய்க்கு வரும் பவுத்திரம்: ஓட்டை மூடிய பிறகும் மருந்தை நிறுத்தாதீர்கள்

நாய் வாலடியை ஓயாமல் நக்கினால் வயிற்றுப் பூச்சி என்பார்கள், இல்லாவிட்டால் ஆசனவாய்ச் சுரப்பி நிரம்பிவிட்டது என்பார்கள். பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் நக்குவதோடு வேறு சிலவும் சேர்ந்து வந்தால் கவனியுங்கள். மலம் கழிக்கும்போது முக்கி முனகும். பாதியில் எழுந்து நாலு அடி நடந்துவிட்டு மறுபடி குந்தும். வாலை உடம்போடு ஒட்டியே வைத்திருக்கும், படுத்த இடத்தில் சீழும் ரத்தமும் கலந்த கறை இருக்கும், கிட்ட வந்தாலே வாடை அடிக்கும். இப்படியெல்லாம் இருந்தால் அன்றைக்கே வாலைத் தூக்கிப் பாருங்கள். ஆசனவாயைச் சுற்றி ஊசி குத்தியது போன்ற சிறு ஓட்டைகளோ சிவந்த புண்ணோ தெரிந்தால் அது பவுத்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

என் மீனு ஜெர்மன் ஷெப்பர்ட். இந்த நோய் அதிகம் பிடிப்பது அந்த இனத்தைத்தான். நடுவயதில் பெரும்பாலும் தலைகாட்டும். மற்ற இனங்களுக்கும், கலப்பின நாய்களுக்கும் வராமல் இல்லை. மீனுவுக்கு மயக்க மருந்து கொடுத்து டாக்டர் பார்த்தபோது நான் பக்கத்தில் நின்றேன். வெளியே தெரிந்தது ஓரிரண்டு ஓட்டைகள்தான். மெல்லிய உலோகக் கம்பி ஒன்றை ஓர் ஓட்டையில் மெதுவாக நுழைத்தார். நடுவில் இருந்த தோல் நன்றாகத்தான் தெரிந்தது, ஆனால் கம்பியின் முனை அதற்கு அடியிலேயே போய் அடுத்த ஓட்டை வழியாக வெளியே வந்தது. எலி வளை போல உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்திருந்தது. மேலே பூசுவதை மட்டும் நம்பி இதை ஆற்ற முடியாது என்பது எனக்கு அந்த மேசையருகில்தான் விளங்கியது.

மயக்கம் கொடுத்துப் பார்ப்பது வேண்டாத செலவு என்று நினைக்காதீர்கள். வலியில் இருக்கும் நாய் விழித்திருக்கும்போது யாரையும் முழுதாகப் பார்க்க விடாது. ஆசனவாய்ச் சுரப்பியில் சீழ் கட்டி உடைந்தாலும் இப்படித்தான் தோன்றும். கடிகார முகப்பாக வைத்துப் பார்த்தால் அந்தச் சுரப்பிகள் ஏறக்குறைய நாலு மணி, எட்டு மணி இடத்தில் இருக்கும். கட்டி உடைந்தால் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் புண்ணாகும். அந்த இடத்தில் வரும் புற்றுக்கட்டிகளும் புண்ணாகக்கூடும். சந்தேகம் இருந்தால் ஒரு துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள், தடுக்காதீர்கள்.

காரணம் என்ன? ஷெப்பர்ட் நாயின் அடிவால் தடித்தது, தாழ்ந்தே தொங்குவது. அதனால் காற்றோட்டமில்லாமல் அழுக்கு சேர்ந்து புண்ணாகிறது என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் புண்ணை வெட்டியெடுத்தார்கள், உறையவைத்துக் கருக்கினார்கள், வாலையே கூட எடுத்தார்கள். புண் திரும்ப வந்தது. சில நாய்களுக்கு மலத்தை அடக்கும் சக்தி போனது, சிலவற்றுக்கு ஆசனவாய் சுருங்கிப்போனது. 1990-களின் பிற்பகுதியில், எதிர்ப்பு சக்தியை அடக்க உறுப்பு மாற்று சிகிச்சையில் பயன்படும் சைக்ளோஸ்போரின் மருந்தை இந்த நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றுக்குப் புண் ஆறியது. நோய் எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்குவதுதான் இதன் அடிப்படை என்ற கருத்து அதிலிருந்து வலுத்தது. இனம்வழி மரபணுத் தொடர்பும் தெரிய வந்திருக்கிறது. பல நாய்களுக்குப் பெருங்குடல் அழற்சியும் கூடவே இருக்கும். அழுக்கால் வந்த நோய் இல்லை இது. நீங்கள் சரியாகக் குளிப்பாட்டாததால் வந்தது என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மருந்து கொடுக்கும்போது

முதல் மருந்து பெரும்பாலும் சைக்ளோஸ்போரின்தான். அளவை எடை பார்த்து டாக்டர் முடிவு செய்வார், அதில் நான் தலையிடப்போவதில்லை. கொடுக்கும் முறை உங்கள் கையில் இருக்கிறது. வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ கொடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும். மாத்திரைக் கூட்டை உடைக்கவோ மெல்ல விடவோ கூடாது. தொடக்க வாரங்களில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் சகஜம். வாந்தி எடுத்தால் நீங்களாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கொஞ்சம் உணவோடு கொடுக்கச் சொல்லலாம், கூட்டை உறையவைத்துக் கொடுக்கவும் சொல்லலாம். மீனுவுக்கு உறையவைத்துக் கொடுத்தது ஒத்துக்கொண்டது. இன்னொன்று: இதே பெயரில் உடம்பில் சேரும் விதத்தில் வேறுபட்ட தயாரிப்புகள் இருக்கின்றன. கடையில் வேறு வகையைக் கொடுத்தால் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

பெரிய நாய்க்குச் சைக்ளோஸ்போரின் செலவு மலைக்க வைக்கும். அதனால் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்தையும் சேர்த்துத் தருவார்கள். சைக்ளோஸ்போரினை ஈரல் உடைப்பதை அது மெதுவாக்கும், எனவே குறைந்த அளவே போதும். கீட்டோகோனசோலை உணவோடு கொடுக்க வேண்டும், இடையிடையே ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை ஊசியாகவோ மாத்திரையாகவோ வேறு யாராவது போட வந்தால் நாய் கீட்டோகோனசோல் சாப்பிடுகிறது என்று முதலில் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் மூளையைப் பாதிக்கலாம், ஷெப்பர்ட் போன்ற மேய்ப்பு இனங்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

சில நாய்களுக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தருவார்கள். தண்ணீர் நிறையக் குடிக்கும், அகோரப் பசி எடுக்கும். அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. அதோடு சாதாரண வலி மாத்திரைகளைச் சேர்த்தால் வயிற்றில் புண் வரும். மனிதர்களின் வலி மாத்திரை எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். வலி தாங்கவில்லை என்றால் அதற்கென்று தனியாகக் கேளுங்கள், பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன.

அப்புறம் டாக்ரோலிமஸ் 0.1 சதவீதக் களிம்பு, இதுவும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துதான். புண் ஓரளவு சுருங்கிய பிறகும், ஆறியதைக் காப்பாற்றவும் இது நல்ல உதவி. கையுறை போட்டுக்கொண்டு மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். கனமாகப் பூசுவதால் வேகமாக ஆறாது. பூசிய பிறகு அரை மணி நேரமாவது கழுத்தில் கூம்பு இருக்கட்டும், இல்லையென்றால் அத்தனையும் நாக்குக்குத்தான் போகும்.

கழுவும் விதம்

வீட்டில் நாம் செய்வதில் நாய்க்கு உடனே நிம்மதி தருவது இதுதான். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய ஒன்றரை டீஸ்பூன். வெதுவெதுப்பு மணிக்கட்டில் தெரியாத அளவுக்கு இருக்க வேண்டும். மலம் கழித்த பிறகு ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை.

என் மகள் மீனுவின் தலைமாட்டில் உட்கார்ந்து, ரப்பர் பாயில் அவளுக்கு ஒத்துக்கொள்ளும் உணவைப் பூசி நக்கக் கொடுப்பாள். எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் முதல் வாரத்தில் வாய்ப்பூட்டு போடுங்கள், வலி வந்தால் கடிக்கத்தான் செய்யும். வாலை நுனியைப் பிடித்து இழுக்கக் கூடாது. அடிவாலில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினால் அது தானே விட்டுக்கொடுக்கும். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் உப்புத் தண்ணீரை எடுத்து மேலிருந்து வழிய விடுங்கள். ஓட்டைக்குள் பீய்ச்ச வேண்டாம், அழுக்கு உள்ளேதான் போகும். ஒட்டிக் காய்ந்தது ஊறட்டும், பிய்க்காதீர்கள். அப்புறம் மெல்லிய துணியால் ஒத்தி எடுங்கள், தேய்க்கக் கூடாது. ஈரம் நிற்கக் கூடாது, அது மிக முக்கியம். சுற்றியுள்ள முடியை இயந்திரத்தால் குட்டையாக வைத்திருங்கள். கத்தரிக்கோல் அந்த இடத்தில் ஆபத்து.

ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் இரண்டையும் தூர வையுங்கள். எரிச்சலோடு புதிதாக வளரும் சதையும் கெடும். மூலத்துக்கு மனிதர்கள் பூசும் களிம்பும், துத்தநாக ஆக்சைடு களிம்பும் வேண்டாம், நக்கி விழுங்கினால் நஞ்சாகலாம். சுரப்பியை வீட்டில் பிதுக்கும் வேலையும் இந்த நோய் இருக்கும்வரை கூடாது. காய்ச்சல் பார்க்க வெப்பமானியை அங்கே நுழைக்கவும் வேண்டாம்.

கழுவியதும் ஒரு படம் எடுங்கள். அதே விளக்கு, அதே தூரம். ஓட்டைகளைக் கடிகார மணி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்: ‘மூன்று மணியில் மூடிவிட்டது, ஏழு மணியில் இன்னும் கசிகிறது’ என்று. தினமும் பார்க்கிற கண்ணுக்கு முன்னேற்றமும் தெரியாது, சரிவும் தெரியாது. டாக்டருக்கு நம் விவரணையைவிட இந்தப் படங்கள் பயன்பட்டன.

சாப்பாடும் மலமும்

மலம் உருண்டு கட்டியாகப் போனாலும் வலி, கழிசலாகப் போனாலும் புண்ணில் பரவி எரிச்சல். உருவத்தோடு, அழுத்தினால் அமுங்குகிற மலம்தான் நாம் தேடுவது. பல நாய்களுக்கு இதுவரை தின்றிராத ஒரே ஒரு புரதம் கொண்ட உணவோ, புரதத்தைச் சிறு துணுக்குகளாக உடைத்த மருத்துவ உணவோ உதவுகிறது. குறைந்தது எட்டு வாரம் அது ஒன்றைத் தவிர வாயில் எதுவும் போகக் கூடாது. இறைச்சி வாசனை சேர்த்த மாத்திரையும், குழந்தை தட்டிலிருந்து விழுந்த துண்டும் இந்தக் கணக்கில் வரும். இசப்கோல் உமியோ, லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்தோ தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உமி கொடுத்தால் தண்ணீர் கூட வேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கல்தான் கூடும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து உள்ளே போகும்போது பச்சை இறைச்சி வேண்டாம். தடுப்பூசிக்குப் போகும்போதும் இந்த மருந்துகளைச் சொல்லுங்கள், உயிருள்ள கிருமி வகை ஊசிகளை டாக்டர் தள்ளி வைக்கக்கூடும்.

ஆறியதாகத் தெரியும் காலம்

இரண்டு வாரத்துக்குள் வலி குறையும். வால் மறுபடி ஆடும், வீடே நிம்மதியாகும். ஆனால் ஓட்டைகள் மூட இரண்டு மூன்று மாதம் ஆகலாம், அதற்கு மேலும் போகலாம். இந்த இடைவெளியில்தான் பலர் மருந்தை நிறுத்துகிறார்கள். செலவும் ஒரு காரணம், நாய் சந்தோஷமாக இருப்பது பெரிய காரணம். தோல் மேலே மூடினாலும் அடியில் வளை உயிரோடு இருக்கும். எல்லாம் மூடியதை டாக்டர் விரல் வைத்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதன்பிறகும் குறைந்தது நாலு வாரமாவது அதே அளவில் மருந்து போக வேண்டும். குறைப்பது அப்புறம்தான், அதுவும் படிப்படியாக: தினம் கொடுத்ததை ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு இன்னும் தள்ளி. ஒவ்வொரு படிக்கும் நடுவே சில வாரங்கள் விட்டுப் பாருங்கள். சில நாய்களுக்கு ஒரு கட்டத்துக்குக் கீழே குறைக்கவே முடியாது. அப்படி வாழ்நாள் மருந்தில் இருப்பதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. மீனு வாரத்துக்குச் சில நாள் களிம்பிலும் குறைந்த அளவு மாத்திரையிலும் இருக்கிறாள். ஓடுகிறாள், வலியில்லாமல் மலம் கழிக்கிறாள், எனக்கு அது போதும்.

மருந்தை நிறைவாகக் கொடுத்தும் மூடாமல் ஓரிரண்டு ஓட்டைகள் நின்றுவிட்டாலோ, சுரப்பியும் அதில் மாட்டியிருந்தாலோ அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். மருந்தால் புண்ணைச் சுருக்கிவிட்டுச் செய்தால் வெட்ட வேண்டிய பகுதி குறையும். இந்த நோய் வந்த நாயைக் குட்டி போட விடாதீர்கள்.

திரும்பி வருவது ஓட்டையோடு தொடங்குவதில்லை. இரவில் நக்கும் சத்தம் கூடும், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும், வாலைத் தொட்டால் திரும்பிப் பார்க்கும். அன்றே படம் எடுத்து டாக்டருக்கு அனுப்புங்கள். நீங்களாக மாத்திரையை இரட்டிக்க வேண்டாம். நாய் நன்றாக இருக்கும்போதே, ‘மீண்டும் சிவந்தால் முதல் மூன்று நாள் நான் என்ன செய்யட்டும்’ என்று கேட்டு எழுதி வாங்கி, களிம்புக் குழாயோடு சேர்த்து வைத்திருங்கள். மலம் வராமல் முக்கிக்கொண்டே இருந்தால், சாப்பிட மறுத்தால், உடம்பு கொதித்துச் சோர்ந்து படுத்தால் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.