டோனர் இன்ஜின் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கஸ்டம் பைக் கட்டலாம் என்று முடிவு செய்ததும் டோனர் இன்ஜின், அதாவது வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய இன்ஜின், தேடி நம்ம வேலூர்ப் பக்கத்தில் பலர் முதலில் போய் நிற்பது காயலான் கடையில். அங்கே சரிப்படவில்லை என்றால் சென்னை புதுப்பேட்டைக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். தனி இன்ஜின் மலிவாகத்தான் தெரியும். அப்புறம் கார்புரேட்டர், சிடிஐ (ஸ்பார்க்கை நேரம் பார்த்துக் கொடுக்கும் பெட்டி), காயில், வயரிங், மவுண்டிங் பிளேட், கிக்கர் என்று ஒவ்வொன்றுக்கும் அலைந்து முடித்துக் கணக்குப் போட்டால், ஆர்சியோடு ஓடுகிற பழைய வண்டி ஒன்றையே வாங்கியிருக்கலாமே என்று வயிறு எரியும். என்னைக் கேட்டால் தனி இன்ஜின் வேண்டவே வேண்டாம், முழு வண்டியாகவே வாங்குங்கள்.

காசு மட்டும் காரணமில்லை. ஆர்சியில் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஜோடியாக இருக்கும், எங்கிருந்தோ வந்த இன்ஜினை மாட்டினால் அந்த ஜோடி பிரிந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். அதே மாடல் இன்ஜின் என்றாலும் ஆர்டிஓ ஆபீசில் கேட்டு அனுமதி வாங்கிய பிறகு கை வையுங்கள். சேஸிஸை வெட்டி ஒட்டுவதற்கும் இதே சட்டம்தான். நம்பர் அடித்த இடத்தில் ராவிய தடம் தெரிந்தால் விலையே கேட்காமல் நடையைக் கட்டுங்கள், திருட்டு வண்டியாக இருந்தால் ஸ்டேஷனில் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

அடுத்தது, சத்தத்தை மட்டும் கேட்டு வாங்குவது. விற்கிறவர் நீங்கள் வருவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருப்பார், சூட்டில் எந்த இன்ஜினும் நல்ல பிள்ளைதான். அதனால் போனதும் ஃபின்னை (இன்ஜினைச் சுற்றி, சூடு ஆற இருக்கும் தகடுகளை) தொட்டுப் பாருங்கள், சுட்டால் ஆற விடச் சொல்லுங்கள். கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினால் ஓர் இடத்தில் திமிற வேண்டும், வழவழவென்று இறங்கினால் கம்ப்ரஷன் போய்விட்டது. மேக்னெட் கவரைக் கழற்றி மேக்னெட்டை (கிராங்க் முனையில் சுழலும் காந்தச் சக்கரம்) மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் கிராங்க் பேரிங் வேலை காத்திருக்கிறது. டிரெயின் போல்ட்டைத் திறந்து கொஞ்சம் ஆயிலை உள்ளங்கையில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள், பித்தளை நிறத்தில் செதில் மின்னினால் வேண்டாம். முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்) பக்கம் கிராங்க்கேஸில் (இன்ஜினின் அடிக் கூடு) ஆர்கான் வெல்டிங் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், எப்போதோ செயின் அறுந்து அடித்து உடைந்ததை ஒட்டியிருப்பார்கள்.

யமஹா ஆர்எக்ஸ் 100 பித்துப் பிடித்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தயாரிப்பு 1996லேயே நின்றுபோன வண்டி, சிலிண்டரைக் கடைந்து எத்தனை முறை போர் அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஆயில் சீல் முக்கியம்: மேக்னெட் பக்கச் சீல் கசிந்தால் காற்றை இழுத்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கிளட்ச் பக்கச் சீல் கசிந்தால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகை கக்கும். புகைக்கு, பெட்ரோலோடு சேர்ந்து எரியும் டூடி ஆயிலைக் குறை சொல்லி, அதைக் குறைத்து ஊற்றி இன்ஜினையே காலி செய்தவர்கள் உண்டு.

செயின் லைனை, அதாவது முன் பின் ஸ்ப்ராக்கெட்டை ஒரே நேர்கோட்டில் கொண்டுவருவதை, கடைசிக்கு ஒத்திப்போடுவதும் பெரிய தவறு. இன்ஜினை நடுவில் வைத்து வெல்டிங் முடித்துவிட்டு அகலமான பின் டயரை மாட்டினால் செயின் டயரில் உரசும். அப்புறம் ஆஃப்செட் ஸ்ப்ராக்கெட் கடைந்து சமாளிப்பார்கள். அது வெளியே தள்ளி நிற்க நிற்க கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கும் சீலும் சீக்கிரம் போகும். முதலில் பின் வீலை மாட்டி, இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நேராக நூல் பிடித்து, அதற்கேற்ப இன்ஜினை உட்கார வையுங்கள். மவுண்டிங் பிளேட்டை லேத்தில் கொடுப்பதற்கு முன் அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்ப்பது நல்லது.

நம்ம ஊர் வெயிலையும் மறக்கக்கூடாது. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், காற்றிலேயே ஆறும் ஏர் கூல்டு இன்ஜினை பெரிய டேங்குக்கும் பேனலுக்கும் நடுவில் மூடி வைத்தால் வேலூர் கிரீன் சர்க்கிள் டிராஃபிக்கிலேயே கொதித்துவிடும், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் அப்புறம். அதற்காக லிக்விட் கூல்டு இன்ஜினான கேடிஎம் டியூக் 390க்குப் போனால் ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் இடம் வேண்டும். போதாததற்கு டியூக்கில் இன்ஜினும் சேஸிஸின் ஒரு பாகமாகப் பளு தாங்குகிறது, அதைச் சாதாரண ஃபிரேமில் தொங்கவிட்டால் மவுண்ட் யோசனையே மாறும். எஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும்) இன்ஜின் எதுவானாலும் இசியூ (அதை இயக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்), முழு ஹார்னெஸ் (வயர் கட்டு), த்ராட்டில் பாடி, ஃபியூல் பம்ப், சென்சார்கள் எல்லாம் அதே வண்டியிலிருந்தே வர வேண்டும். வயரை வெட்டி எடுத்த ஹார்னெஸ் என்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், எந்த வயர் எதற்கு என்று கண்டுபிடிக்கவே எலக்ட்ரீஷியன் கூலி எகிறிவிடும்.