மட் உள்ளே விடவில்லையா? மேற்கோள் குறியைப் பாருங்கள்

டெர்மினலில் மெயில் படிக்க மட் நிரலை அமைத்தபோது ஒரு நாள் முழுக்க 'லாகின் ஃபெயில்டு' என்ற வரி மட்டும்தான் வந்தது. அதே கடவுச்சொல்லை உலாவியில் கொடுத்தால் கணக்கு உடனே திறந்தது. கடைசியில் பார்த்தால் ஒரே ஒரு எழுத்துதான் காரணம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நிரலை நிறுவத் தெரிந்திருக்கும். நிறுவியதும் 'மட் -வி' கொடுத்துப் பாருங்கள். (கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.) இமேப் (மெயிலைப் படிக்கும் வழி), எஸ்எம்டிபி (அனுப்பும் வழி) இரண்டுக்கும் முன்னால் + இருக்க வேண்டும். இணைப்பை மறைகுறியாக்கும் எஸ்எஸ்எல் இரண்டு வகையாக வரும், ஒன்றுக்கு + இருந்தால் போதும்.

அடுத்து, ஹோம் அடைவில் '.மட்ஆர்சி' கோப்பு. அதில் 'இமேப்_யூசர்' என்பதற்கு முழு மெயில் முகவரி, 'ஃபோல்டர்' என்பதற்கு 'இமேப்ஸ்://' என்று தொடங்கும் சர்வர் பெயரும் போர்ட் 993-உம், 'ஸ்பூல்ஃபைல்' என்பதற்கு இன்பாக்ஸ். 'இமேப்ஸ்' கடைசியில் உள்ள எஸ் விடுபட்டால் 993-இல் இணைப்பு அப்படியே தொங்கி நிற்கும். அனுப்புவதற்கு 'எஸ்எம்டிபி_யூஆர்எல்', போர்ட் 465 என்றால் 'எஸ்எம்டிபிஎஸ்://', 587 என்றால் 'எஸ்எம்டிபி://'. இரண்டு கட்டச் சரிபார்ப்பு வைத்திருந்தால் வழக்கமான கடவுச்சொல் பெரும்பாலும் செல்லாது. கணக்கு அமைப்பில் செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, நான் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருவோம். என் கடவுச்சொல்லின் நடுவில் $ இருந்தது. 'கடல்$மீன்' மாதிரி என்று வையுங்கள். அதை '.மட்ஆர்சி' கோப்பின் 'இமேப்_பாஸ்' வரியில் "இரட்டை மேற்கோளுக்குள்" எழுதியிருந்தேன். இரட்டை மேற்கோளுக்குள் $ வந்தால், அதை ஒட்டி வருவதை மட் ஒரு மாறியின் பெயராக எடுத்துக்கொள்ளும். 'மீன்' என்று மாறி எதுவும் கிடையாது, ஆகவே அந்த இடம் வெற்றாகிவிடும். சர்வருக்குப் போனது வெறும் 'கடல்'. இது பற்றி எச்சரிக்கை எதுவும் வராது. மட் உள்ளேயே முக்காற்புள்ளி (:) தட்டி, 'செட் ?இமேப்_பாஸ்' என்று கேட்டேன். திரையின் கீழ் வரியில் பாதிக் கடவுச்சொல் மட்டும் வந்து நின்றது. அப்போதுதான் விஷயம் புரிந்தது.

'ஒற்றை மேற்கோள்' போட்டால் எல்லாம் எழுதியபடியே போகும். மேற்கோளே போடாமல் விட்டால் இன்னும் மோசம்: # வந்தால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் குறிப்புரை ஆகிவிடும், அரைப்புள்ளி (;) வந்தால் கட்டளையே அங்கே முடிந்துவிடும்.

ஆனால் கடவுச்சொல்லை அமைப்புக் கோப்பில் அப்படியே எழுதி வைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஜிபிஜி என்ற மறைகுறியாக்க நிரல் கொண்டு பூட்டிய தனிக் கோப்பில் வைத்து, அதைத் திறக்கும் கட்டளையை ` ` குறிகளுக்குள் எழுதுங்கள். அந்தக் குறிகளைச் சுற்றி இந்த முறை இரட்டை மேற்கோள்தான் வேண்டும். அப்படிச் செய்தால் கட்டளை தரும் விடையை மட் மறுபடி அலசாமல் அப்படியே எடுத்துக்கொள்ளும், $ இருந்தாலும் தொல்லை இல்லை. 'எஸ்எம்டிபி_பாஸ்' வரியையும் மறக்காமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் மெயில் படிக்க வரும், அனுப்பும்போது மறுபடி கடவுச்சொல் கேட்கும்.

இன்னும் சரியாகவில்லை என்றால் 'மட் -டி 2' (டி என்பது d) என்று தொடங்குங்கள். ஹோம் அடைவில் '.மட்டீபக்0' என்ற கோப்பில் சர்வரோடு நடந்த பேச்சு முழுக்கப் பதிவாகும். 5 வரை ஏற்ற வேண்டாம், கடவுச்சொல்லும் அதில் விழுந்துவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்து அமைத்த நண்பருக்குத் தமிழ் மெயில் எல்லாம் கேள்விக்குறியாகத் தெரிந்தது. அமைப்பில் 'சார்செட்' (எழுத்துக் குறியாக்கம்) என்று ஏதாவது எழுதியிருந்தால் முதலில் அழித்துவிடுங்கள். அப்புறம் டெர்மினலில் 'லொக்கேல்' என்று தட்டுங்கள். விடையில் தமிழையும் காட்டும் குறியாக்கமான யூடிஎஃப்-8 வர வேண்டும். அவருக்கு வெறும் 'சி' என்று வந்தது. 'லாங்' மாறியை மாற்றியும், டிமக்ஸுக்குள் (ஒரே டெர்மினலில் பல திரைகள் திறக்கும் நிரல்) மட்டும் கேள்விக்குறி போகவில்லை. டிமக்ஸை மூடி '-யு' சேர்த்துத் திறந்ததும் எழுத்துகள் வந்துவிட்டன.