முகாமுக்கு அரிசி மூட்டையோடு கிளம்பும் முன்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் டிசம்பர் பிறந்தால் இலங்கைத் தமிழர் முகாம் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும். அரிசி, சேலை, கேக், ஒரு வேன். பொங்கல் முடிவதற்குள் மறந்தும் போய்விடும். இத்தனைக்கும் 1987இல் உருவான சிவகங்கை மறைமாவட்டத்துக்குள்தான் ராமநாதபுரமும் வருகிறது. 1983 கலவரத்துக்குப் பிறகு படகில் வந்தவர்கள் கரையேறிய ராமேஸ்வரமும் அவர்களைப் பதிவு செய்த மண்டபம் முகாமும் நம் எல்லையில் இருப்பவை. புலம்பெயர்ந்தோர் பணி ரோமிலிருந்து புதிதாக வந்திறங்கிய பாடம் என்று நாம் சொல்ல முடியாது. மனசு நல்லதுதான், செய்கிற விதத்தில்தான் கோளாறு.

முதலில் அந்த வேனையே எடுத்துக்கொள்வோம். முகாம் வருவாய்த் துறையின் பொறுப்பில் இருக்கிறது. தமிழக உளவுப் போலீசான கியூ பிரிவின் கண்காணிப்பும் உண்டு. மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்காமல் திடுதிப்பென்று போய் இறங்கினால், நாம் கிளம்பிய பிறகு விசாரணைக்குப் பதில் சொல்வது முகாம்காரர்கள். அப்புறம் போட்டோ. இங்கேயே பிறந்து, இங்கேயே பொறியியல் படித்த பையனை பக்கெட்டோடு வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து பங்கு வாட்ஸ்அப்பில் போடுவது உதவி இல்லை, அவமானம்.

உண்மையில் அரிசி அங்கே பெரிய குறையும் இல்லை. ரேஷன் உண்டு. 2021இல் தமிழக அரசு மாத உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்று உயர்த்தியது. போதுமா என்றால் போதாதுதான். ஆனால் அதைவிடப் பெரிய பற்றாக்குறை காகிதத்தில் இருக்கிறது. பாஸ்போர்ட் இல்லை, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாததால் கேட்க நாதியும் இல்லை.

இந்தக் காகித விஷயத்தில்தான் நம்மவர்கள் செய்யும் மிக ஆபத்தான தவறு நடக்கிறது: அரைகுறைச் சட்டம் பேசி ஆசை காட்டுவது. "குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் கிறிஸ்தவர்களையும் சேர்த்திருக்கிறார்களே, உங்களுக்கும் கிடைக்கும்" என்று அன்பியக் கூட்டத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டம்) சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை. அதேபோல 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை வெளியிட்டது. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து அது விலக்குகிறது. நல்ல செய்திதான், ஆனால் அது குடியுரிமை ஆகாது. 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவே இல்லை என்பதால், "சர்வதேசச் சட்டப்படி உங்களுக்கு உரிமை" என்று வீராவேசமாகப் பேசுவதும் அலுவலகத்தில் எடுபடாது.

எடுபடுவது பிறந்த தேதி. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் குடிமகன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் தரும்படி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்கு, தாய் தந்தையில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு விதி இன்னும் கடுமை: ஒருவர் குடிமகனாக இருப்பதோடு, மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராகவும் இருக்கக் கூடாது. யார் எந்தக் காலத்துக்குள் வருகிறார் என்று பார்க்காமல் பத்து குடும்பத்துக்கும் ஒரே மாதிரி மனு எழுதிக் கொடுப்பது வீண் வேலை.

இங்கே பங்கு அலுவலகத்துக்கு ஒரு வேலை இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் இருக்கும். பிறப்புச் சான்றிதழ் தொலைந்துபோன ஒருவருக்கு அது பெரிய துணை ஆதாரம். நகல் கேட்டு வருபவரை "அடுத்த வாரம் வாங்க" என்று அலைய விடக் கூடாது. அதைவிட முக்கியம், இரக்கப்பட்டு தேதியையோ பெயரின் எழுத்தையோ "சரிசெய்து" கொடுக்கவே கூடாது. ஒரு திருத்தம் பிடிபட்டால் அந்தக் குடும்பத்தின் மற்ற எல்லாக் காகிதமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். முகாம்காரருக்கும் உள்ளூர்க்காரருக்கும் கோவிலில் கல்யாணம் நடந்தால் அரசுப் பதிவு முறையாக முடிந்ததா என்று உடனே பாருங்கள். நாளைக்குப் பிள்ளையின் குடியுரிமை அந்தச் சான்றிதழில் தொங்கலாம்.

அடுத்தது, புலம்பெயர்ந்தோர் என்றாலே இலங்கைத் தமிழர்தான் என்று நினைப்பது. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பழைய வீடுகளை ஹோட்டலாக மாற்றுகிற இடங்களையும் காரைக்குடியின் கட்டட வேலைகளையும் போய்ப் பாருங்கள், பேச்சு இந்தியிலோ ஒடியாவிலோ இருக்கும். (பர்மாவுக்கு வட்டிக்கடை வைக்கப் போய், 1942இல் உயிர் தப்பித் திரும்பியவர்களின் ஊர் இது. அவர்கள் வீட்டுத் தேக்குத் தூணுக்கு இன்று பாலிஷ் போடுவது வெளியூர்ப் பையன்.) ஜார்கண்டின் சிம்டேகா, கும்லா, ஒடிசாவின் சுந்தர்கட் பகுதிகளிலிருந்து வருபவர்களில் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கரான ஆதிவாசிகள் கணிசம். ஞாயிறு காலைத் திருப்பலியில் அவர்களைக் காணோமே என்றால், பலருக்கு ஞாயிறும் வேலை நாள். மாலையில் ஒரு பூசை வைத்துப் பாருங்கள். இந்தி தெரிந்த சிஸ்டர் ஒருவர் போதும், பேச்சு தொடங்கிவிடும். சொந்த ஊர் ரேஷன் கார்டைக் கொண்டு இங்கேயே பொருள் வாங்கலாம் என்ற விவரமே தெரியாதவர்களும் உண்டு. அதற்கு வழி செய்யும் 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி எத்தனை பேர் பயந்து ரயிலேறினார்கள்! அவர்களைப் பற்றி வரும் எந்த ஃபார்வர்டையும் பங்குக் குழுவில் போடும் முன் யோசியுங்கள்.

உதவியோடு ஜெபத்தை முடிச்சுப் போடுவதையும் விட்டுவிட வேண்டும். டியூஷனுக்கு வருகிற சைவ சமயக் குடும்பத்துப் பிள்ளையைக் கட்டாயமாகப் பாட்டுப் பாட வைத்தால் அந்தத் தாய் அடுத்த நாள் அனுப்பமாட்டாள். திருச்சபையே இதைத் தடுக்கிறது: இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965ஆம் ஆண்டு ஏடு ஒன்று, விசுவாசத்துக்கு யாரையும் கட்டாயப்படுத்துவதையும் ஆசை காட்டி இழுப்பதையும் கண்டிப்பாக விலக்குகிறது. "அன்னியனாக இருந்தேன், என்னை ஏற்றுக் கொண்டீர்கள்" என்ற மத்தேயு வசனத்திலும் ஏற்றுக்கொள்வதற்கு நிபந்தனை எதுவும் கிடையாது.

கடைசியாக, அவர்களுக்காக நாமே பேசிவிடுவது. திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் பங்குப்பேரவைத் தலைவர் ஃபாதரோடு போய், சம்பந்தப்பட்டவரை வாசலில் உட்கார வைத்துவிட்டு மனு கொடுப்பதைப் பார்க்கலாம். அதிகாரி ஒரு விவரம் கேட்டால் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. மனு யாருடையதோ அவர் முன்னால் நிற்கட்டும், பதிவு எண், வந்த தேதி எல்லாம் அவருக்குத்தான் மனப்பாடம். நாம் பக்கத்தில் நின்றால் போதும். மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் மட்டும் திரும்பிவிட வேண்டாம். அடுத்த தடவை போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.