காசிமேட்டு நண்டுக்குப் பெயர் கண்டுபிடிப்பது எப்படி

தண்டையார்பேட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் டியூஷன் எடுக்கிறேன். வகைப்பாட்டியல் பாடம் வந்தால் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, ஞாயிறு விடியற்காலை சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூட்டிப்போவேன். ஒரே கூடையில் மூன்று வகை நண்டு கிடக்கும். அதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

முதலில் நிறத்தை நம்பாதீர்கள். கல்லூரி ரெக்கார்டு நோட்டில் நீல நண்டு ஒன்று, மங்கிய பச்சை நண்டு ஒன்று வரைந்து, இரண்டு சிற்றினம் என்று எழுதியிருந்தேன். மீன் விற்றே எங்களை வளர்த்த ஆயா அதைப் பார்த்தார். "இது ஆம்பள, அது பொம்பள. ரெண்டும் ஒண்ணுதான்டி." நண்டைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். வயிற்றில் மடிந்திருக்கும் மடல் ஆணுக்குக் குறுகிக் கூர்ந்திருக்கும். வளர்ந்த பெண்ணுக்கு அகன்று வட்டமாக இருக்கும். சினை அதன் அடியில்தான் ஒட்டியிருக்கும். அன்று முதல் எந்த நண்டையும் முதலில் திருப்பித்தான் பார்க்கிறேன்.

உயிரோடு இருந்தால் பின்பக்கமாகப் பிடியுங்கள். கட்டிப்போட்ட கழி நண்டின் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம்.

அடுத்து கடைசிக் கால். அதன் நுனி துடுப்பு போலத் தட்டையாக இருந்தால் நீந்தும் நண்டுக் குடும்பம். கூர்மையாக இருந்தால் வேறு குடும்பம். இங்கே சொல்லும் வழி அதற்குப் பொருந்தாது.

இனிதான் முக்கியமான வேலை: பல் எண்ணுவது. வாய்ப்பல் இல்லை, ஓட்டின் முன்விளிம்பில் ரம்பம் போல இருக்கும் முட்கள். கண்குழியை ஒட்டினாற்போல இருப்பதுதான் முதல் பல். பிள்ளைகள் பெரும்பாலும் அதை விட்டுவிட்டு எட்டு என்பார்கள். ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு, ஓட்டின் அகன்ற முனைவரை எண்ணுங்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு வந்தால், முதுகில் சிலுவைக் குறியும் இருந்தால், சிலுவை நண்டு: கரிப்டிஸ் ஃபெரியாட்டா. ஒன்பது வந்தால் ஒன்பதாவதைப் பாருங்கள். மற்ற எட்டின் அளவிலேயே இருந்தால் கழி நண்டு, சில்லா பேரினம். எண்ணூர் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் பிடிபடுவது இதுதான். ஒன்பதாவது மட்டும் ஈட்டி போலப் பக்கவாட்டில் நீண்டிருந்தால் போர்ட்டூனஸ். முதுகின் பின்பாதியில் வெள்ளை வளையம் போட்ட மூன்று கருஞ்சிவப்புப் புள்ளி இருந்தால் போர்ட்டூனஸ் சாங்குயினோலெண்டஸ், நம் முக்கண் நண்டு.

ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே பதில், ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்குக் கொண்டுபோகும். விஞ்ஞானிகள் இருகிளைத் திறவுகோல் என்பது இதைத்தான். கொதிக்கிற சட்டியில் எல்லா நண்டும் சிவந்துவிடும்; பல்லின் எண்ணிக்கை மட்டும் மாறாது.

கழி நண்டில் இன்னொரு படி இருக்கிறது. கொடுக்குக்கு முந்தைய கணுவின் வெளிப்பக்கம் இரண்டு கூர்முள் இருந்தால் சில்லா செர்ரேட்டா. ஒன்றோ, மழுங்கிய தடமோ மட்டும் இருந்தால் ஒலிவேசியா.

மூன்று புள்ளி இல்லாத நீலக்கால் நண்டை 1758இல் லின்னேயஸ் கேன்சர் பெலாஜிகஸ் என்று எழுதினார். லத்தீனில் கேன்சர் என்றால் நண்டு. அவருக்கு நண்டெல்லாம் ஒரே பேரினம். பிறகு அது போர்ட்டூனஸ் ஆனது. பேரினம் மாறிவிட்டால் முதலில் பெயரிட்டவர் பெயரை அடைப்புக்குறிக்குள் போடுவது விதி. 2010இல் ஆய்வாளர்கள் உருவத்தையும் டிஎன்ஏவையும் ஒப்பிட்டு, பெலாஜிகஸ் என்று சொல்லிவந்ததற்குள் நான்கு சிற்றினங்கள் இருப்பதாகப் பிரித்தார்கள். வங்கக்கடலில் நமக்குக் கிடைப்பது ரெட்டிகுலாட்டஸ். பழைய பாடநூல்களில் இன்னும் பெலாஜிகஸ்தான். ஆயா அதே நண்டைத்தான் விற்றார், பெயர்தான் மாறியது என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் கழி நண்டை வைத்துப் பழகலாம்.

சமைப்பதற்கு முன் ஓட்டைக் கழற்றி, கழுவி, நிழலில் உலர்த்துங்கள். உட்பக்கம் தேதி, கிடைத்த இடம், ஆணா பெண்ணா, பல் எத்தனை என்று மையால் எழுதுங்கள். பெயரை மட்டும் பென்சிலால் எழுதுங்கள்.